பக்கவாதம் வந்த அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஹட்டனில் இருக்கும் அம்மாவுக்குப் பக்கவாதம், கண்டிப் பக்கம் நர்சிங் ஹோமில் விடலாமா என்று கேட்டிருக்கிறீங்க. முதலில் வார்ட் டாக்டரிடம் திகன புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்க. அது கண்டிக்குப் பக்கத்தில், நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துத் தேற்றுகிற அரசாங்க வைத்தியசாலை.

தனியார் இடமென்றால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையின் இந்த வருடப் பதிவைக் காட்டச் சொல்லுங்க. வெறும் முதியோர் இல்லத்தில் தாதி இருப்பார் என்று நம்பிவிடாதீங்க. பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், நோயாளியை எழுப்பி நடக்க வைக்கிறாரா என்பதுதான் முக்கியம். முதல் சில மாதங்களில்தான் கை கால் அதிகம் தேறும்.

சொல்லாமல் ஒரு மாலை நேரம் போய்ப் பாருங்க. எழும்ப முடியாதவரின் குதிகாலையும் இடுப்பையும் கவனியுங்க. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் அங்கேதான் புண் வரும். மூத்திர வாடை அடித்தால் திரும்பி வந்துடுங்க.

இரவு டியூட்டியில் தமிழ் பேசுகிற ஒருவராவது இருக்கணும். வலிக்கிறது என்று சொல்லி அது விளங்காமல் போனால், பாவம், அம்மா என்ன செய்வாங்க?

மாதக் கட்டணத்தில் பேம்பர்ஸ், மருந்து சேருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்க.