2011-இல் நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியை முந்தியது என்றார்களே, அது என்ன ஆயிற்று?

முந்தவில்லை, கடிகாரம்தான் பின்தங்கியிருந்தது. ஜெனீவா அருகேயுள்ள செர்ன் இயற்பியல் ஆய்வு மையத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ சுரங்க ஆய்வகம் வரை சுமார் 730 கி.மீ.; ஒளிக்கே 2.4 மில்லிவினாடி பிடிக்கும். அங்கே அளந்த ஓபரா குழுவின் கணக்கில் நியூட்ரினோ ஒளியைவிட 60 நானோவினாடி முன்னதாக வந்தது.

ஜிபிஎஸ் நேரத்தைச் சுரங்க ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த ஒளியிழையின் முனை முழுக்கத் திருகப்படவில்லை. உள்ளே விழும் வெளிச்சம் குறைந்தால், ஒளியுணரியின் மின்னழுத்தம் வரம்பைத் தொடக் கூடுதல் நேரமாகும். அப்படிச் சேர்ந்த தாமதம் சுமார் 73 நானோவினாடி. (இன்னொரு கடிகாரப் பிழை எதிர்த்திசையில் 15 இழுத்தது, மிச்சம் ஏறக்குறைய 60.) இழை அறுந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அரைகுறையாக வேலை செய்ததுதான் வினை.

ஓபரா குழு அளந்த முறையை வெளியிட்டு, பிழை தேடச் சொன்னது சரியான செயல்தான். 2012-இல் அதே ஆய்வகத்தின் இக்காரஸ் கருவி தனியாக அளந்தது, நியூட்ரினோ ஒளிவேகத்தை மீறவில்லை.