தோல்வியே காணாத பருவம்: 1972 மயாமி டால்ஃபின்ஸ் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவன். ஒரு பருவம் முழுக்கத் தோற்காமல் இருப்பது அமெரிக்கக் கால்பந்தில் அவ்வளவு அபூர்வமா?

பதில்: அபூர்வம்தான். தேசியக் கால்பந்து லீக் 1920-இல் தொடங்கியது. லீக் சுற்று, பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்று, இறுதி ஆட்டம் என எங்கேயும் தோற்காமலும், ஓர் ஆட்டத்தைக்கூடச் சமன் செய்யாமலும் பட்டம் வென்ற அணி இன்றுவரை 1972-இன் மயாமி டால்ஃபின்ஸ் ஒன்றுதான். 14 லீக் ஆட்டங்கள், அதன் பின் 3 ஆட்டங்கள், ஆக 17. சிகாகோ பேர்ஸ் 1934-இலும் 1942-இலும் லீக் ஆட்டங்கள் அனைத்தையும் வென்றுவிட்டுக் கடைசி ஆட்டத்தில் சறுக்கியது. 2007 பருவத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் தொடர்ந்து 18 ஆட்டங்களை வென்று, இறுதியில் நியூயார்க் ஜயண்ட்ஸிடம் 14-17 என்று தோற்றது.

கேள்வி: குவார்ட்டர்பேக் என்பவர் யார்? அவரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்களே.

பதில்: பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் அவர் கையில்தான். எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்பது அவர் வழியாகவே நடக்கிறது.

கேள்வி: அந்தப் பருவத்தில் முதன்மைக் குவார்ட்டர்பேக் பாதியிலேயே காயமடைந்தார் என்று படித்தேன். அப்படியானால் இந்தச் சாதனை யாருடையது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஐந்தாவது ஆட்டம், 1972 அக்டோபர் 15, மயாமியின் ஆரஞ்ச் பௌல் மைதானம். சான் டியேகோ சார்ஜர்ஸ் வீரர்கள் மேலே விழுந்து அழுத்தியதில் பாப் க்ரீஸியின் வலது கால் எலும்பு முறிந்தது, கணுக்காலும் விலகியது. உள்ளே வந்தவர் ஏர்ல் மோரல். அவருக்கு அப்போது வயது 38. பால்டிமோர் கோல்ட்ஸ் வேண்டாம் என்று விடுவித்த அவரை, அந்தப் பருவம் தொடங்கும் முன் வெறும் 100 டாலர் கட்டணத்தில் மயாமி எடுத்திருந்தது.

மோரலின் பழைய கதை தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 1969 ஜனவரியில் நடந்த மூன்றாவது சூப்பர் பௌலில், அதாவது லீக்கின் இறுதி ஆட்டத்தில், அவர் கோல்ட்ஸ் அணிக்கு ஆடினார். அப்போது அதன் பயிற்சியாளர், 1972-இல் மயாமியைப் பயிற்றுவித்த இதே டான் ஷூலாதான். முதல் பாதியின் கடைசித் தருணத்தில், கோல் கோட்டருகே சக வீரர் ஜிம்மி ஓர் (Orr) தன்னந்தனியாக நின்று கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார். மோரல் அவரைப் பார்க்கவில்லை. வேறு பக்கம் எறிந்த பந்து எதிரணி கையில் சிக்கியது. எல்லோரும் வெல்லும் என்று நம்பிய கோல்ட்ஸ், நியூயார்க் ஜெட்ஸிடம் 7-16 என்று தோற்றது. அந்த மனிதரைத்தான் ஷூலா மறுபடியும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். லீக் சுற்றில் எஞ்சிய ஒன்பது ஆட்டங்களிலும் மோரலே முதல் குவார்ட்டர்பேக்காக இறங்கினார், ஒன்பதிலும் வெற்றி. என்னைக் கேட்டால், இந்தப் பருவத்தின் முதுகெலும்பு அவர்தான்.

கேள்வி: எல்லா ஆட்டத்தையும் வென்ற அணி ஏன் அரையிறுதிக்கு வெளியூர் போக வேண்டியிருந்தது?

பதில்: சொந்த மைதானத்தில் ஆடும் உரிமை அக்காலத்தில் வெற்றிக் கணக்கைப் பார்த்து வழங்கப்படவில்லை, பிரிவுகளுக்கிடையே சுழற்சி முறையில் போனது. 1975-இல்தான் அது மாறியது. அதனால் டிசம்பர் 31 அன்று மயாமி பிட்ஸ்பர்க் போனது. 0-7 என்று பின்தங்கியிருந்தபோது, பந்தை உதைத்து அனுப்ப வேண்டிய லாரி சைப்பிள், எதிரணியினர் தம்மைக் கவனிக்காமல் முதுகு காட்டி ஓடுவதைப் பார்த்தார். உதைக்காமல் பந்தோடு ஓடத் தொடங்கி 37 கெஜம் கடந்துவிட்டார். அந்த ஓட்டம் ஒரு டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது) வழிவிட்டது.

இரண்டாம் பாதியில் ஷூலா, கால் தேறியிருந்த க்ரீஸியை இறக்கினார். அவர் பால் வார்ஃபீல்டுக்கு எறிந்த 52 கெஜப் பந்து ஆட்டத்தைத் திருப்பியது. 21-17. இறுதி ஆட்டத்திலும் க்ரீஸியே முதல் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். ஒரு தோல்வியும் இல்லாமல் அணியைச் சுமந்துவந்த மோரல் ஓரத்தில் உட்கார்ந்தார். அதை ஒரு சச்சரவாக்கவில்லை.

கேள்வி: அண்ணா, மனம் நோகாமல் கேட்கிறேன். எதிரணிகள் எல்லாம் சோப்பளாங்கிகள் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை தம்பி. லீக் சுற்றில் சந்தித்த எதிரணிகளில் கன்சாஸ் சிட்டியும் நியூயார்க் ஜயண்ட்ஸும் மட்டுமே தோல்வியைவிட அதிக வெற்றிகளோடு பருவத்தை முடித்தன, அதுவும் 8-6 என்ற கணக்கில். ஆனால் மினசோட்டாவில் நான்காவது கால் பகுதியில் 6-14 என்று பின்தங்கி, உதைப்பாளர் கேரோ யெப்ரேமியன் 51 கெஜத்திலிருந்து ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி பெறுவது) உதைத்த பிறகு 16-14 என்று வென்றதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பஃபலோவை ஒரே புள்ளியில் வென்றார்கள். பிளேஆஃபில் வந்த மூன்று அணிகளும் பத்து அல்லது பதினொரு வெற்றி பெற்றவை. லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்ததும் (385) குறைவாக விட்டுக்கொடுத்ததும் (171) மயாமிதான்.

கேள்வி: மயாமியின் தற்காப்பு வீரர்களுக்கு ‘பெயரில்லாத தற்காப்பு’ என்று ஏன் பெயர்?

பதில்: முந்தைய பருவத்தின் இறுதி ஆட்டத்துக்கு முன், டல்லாஸ் பயிற்சியாளர் டாம் லேண்ட்ரி, மயாமியின் தற்காப்பு வீரர்களின் பெயர்கள் தமக்கு நினைவில்லை என்ற பொருளில் பேசினார். டல்லாஸ் 24-3 என்று வென்றது. அந்தத் தோல்வியின் சூட்டோடுதான் 1972 தொடங்கியது. நிக் போனிகாண்டி, மேனி ஃபெர்னாண்டஸ், ஜேக் ஸ்காட் ஆகியோர் அந்தப் பட்டத்தைப் பெருமையாகவே சுமந்தார்கள்.

கேள்வி: இறுதி ஆட்டத்தில் ஓர் உதைப்பாளர் பந்தை எறியப் போய்ச் சொதப்பினாராமே?

பதில்: 1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலஸ். வாஷிங்டனுக்கு எதிராக மயாமி 14-0 என்று முன்னிலை. இன்னும் சில நிமிடங்களே பாக்கி. யெப்ரேமியன் 42 கெஜ ஃபீல்டு கோலுக்கு வந்தார். அது உள்ளே போயிருந்தால் 17-0 என்று ஆகியிருக்கும், 17-0 பருவத்துக்கு அதே ஸ்கோர்! உதைத்த பந்து தடுக்கப்பட்டு அவரிடமே உருண்டு வந்தது. சைப்ரஸில் பிறந்த ஆர்மீனியர் அவர், சிறு வயதில் இந்த விளையாட்டை ஆடியவரல்லர். பந்தின் மேல் விழுந்து படுத்திருந்தால் போதும். எடுத்து எறியப் பார்த்தார். பந்து கையிலிருந்து நழுவியது, அதைத் தட்டினார், அது மேலே எழும்பியது. மைக் பாஸ் பிடித்து 49 கெஜம் ஓடி டச்டவுன் அடித்துவிட்டார். 14-7. மீதமிருந்த இரண்டு நிமிடங்களைத் தற்காப்பு வீரர்கள் காத்தார்கள். இரண்டு பந்துகளை வழிமறித்துப் பிடித்த ஜேக் ஸ்காட் ஆட்ட நாயகன். க்ரீஸி அன்று எறிந்தது மொத்தமே 11 பந்துகள். லாரி சோங்கா 112 கெஜம் ஓடினார். அந்தப் பருவத்தில் அவரும் மெர்க்குரி மோரிஸும் ஆளுக்கு ஆயிரம் கெஜத்தைத் தொட்டார்கள். ஒரே அணியில் இருவர் அதைச் செய்தது அதுவே முதல் முறை.

கேள்வி: சார், அவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

பதில்: அடுத்த பருவத்திலும் பட்டம் வென்றார்கள். ஷூலா 347 வெற்றிகளோடு ஓய்வு பெற்று 2020-இல் மறைந்தார். பட்டம் வென்றவர்களுக்கான வெள்ளை மாளிகை அழைப்பு 2013-இல்தான் வந்தது, நாற்பது ஆண்டுகள் கழித்து.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். திரும்பத் திரும்பத் தலையில் வாங்கிய அடிகள் பலரை முதுமையில் வாட்டின. போனிகாண்டி தம் மூளையை ஆய்வுக்குத் தருவதாக 2017-இல் அறிவித்து, 2019-இல் காலமானார். மோரல் 2014-இல், 79 வயதில் இறந்தார். அவருடைய மூளையைச் சோதித்த மருத்துவர்கள், அடிகளால் வரும் மூளைச் சிதைவு நோயின் கடைசிக் கட்டத்தை அதில் கண்டார்கள்.