இரண்டு நாள் பாரிஸ், 48 பேர், ஒரு பஸ்

கேள்வி: ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன், வயது 24. எங்கள் பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் குழு வெள்ளி இரவு பஸ்ஸில் கிளம்பி, சனி, ஞாயிறு பாரிஸைச் சுற்றிக் காட்டுகிறது. மொத்தம் 48 பேர். நிரலில் ஈஃபிள் கோபுரம், லூவ்ர், நோத்ர தாம் தேவாலயம், மொன்மார்த்ர் குன்று எல்லாம் இருக்கின்றன. ஆனால் நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேராதாம். சனி மதியம் நாலு மணி நேரம் மட்டும் எங்கள் இஷ்டம். எதை உள்ளே போய்ப் பார்ப்பது? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: நிரலில் "ஈஃபிள் கோபுரம்" என்று மட்டும் போட்டிருந்தால், பஸ் நிற்கும், இறங்குவீர்கள், படம் எடுப்பீர்கள், ஏறுவீர்கள் என்று அர்த்தம். ஏமாற்று வேலை இல்லை. அந்தக் கட்டணத்துக்கு அவ்வளவுதான் முடியும். 48 பேர் பஸ்ஸிலிருந்து இறங்கவே பத்து நிமிடம் ஆகும். கழிப்பறை என்றால் கேட்கவே வேண்டாம். பாரிஸ் நடைபாதைகளில் இலவசத் தானியங்கிக் கழிப்பறைகள் உண்டு. ஒருவர் வெளியே வந்ததும் கதவை மூடிக்கொண்டு அது தன்னைத்தானே கழுவிக்கொள்ளும், அப்புறம்தான் அடுத்தவர் போகலாம். வரிசையில் பதினைந்து பேர் நின்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் யாருக்காகவும் காத்திருக்காது என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஓட்டுநர் ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரம்தான் ஓட்டலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். இரவில் வழக்கமாக 11 மணி நேர ஓய்வு. எல்லாவற்றையும் வண்டியிலுள்ள கருவி பதிவு செய்துவிடும். ஒருமுறை நான் அழைத்துப் போன குழுவில் இரண்டு பேர் மொன்மார்த்ர் படிக்கட்டில் செல்ஃபி எடுத்து அரை மணி நேரம் தாமதமாக வந்தார்கள். அன்று இரவு ஓட்டுநர் வண்டியை நிறுத்தியதும் அரை மணி தாமதம். மறுநாள் காலை அதே அரை மணி நேரம் அவர் சாவியைத் தொடவே இல்லை. காபி குடித்தபடி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சரி, அந்த நாலு மணி நேரத்துக்கு வருவோம். ஒரே ஒரு இடம், அதுவும் அருங்காட்சியகமாக இருக்கட்டும். காரணம் உங்கள் பையிலேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் 18 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கு லூவ்ர், ஓர்சே ஆகிய இரண்டு அருங்காட்சியகங்களிலும் நுழைவு இலவசம். குடியுரிமை வேண்டியதில்லை, அங்கே வசித்தால் போதும். உங்கள் ஜெர்மன் வசிப்பிட அட்டையே சான்று. இது தெரியாமல் முழுக் கட்டணம் கட்டிய இந்திய மாணவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இலவசம் என்று நேராகப் போய் நின்றுவிடாதீர்கள். லூவ்ருக்கு அதன் சொந்த இணையதளத்தில் பூஜ்யம் யூரோ சீட்டை நேரம் குறித்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இடைத்தரகர் தளங்கள் இதே சீட்டுக்குப் பணம் கேட்கும்.

லூவ்ரா, ஓர்சேயா? என் ஓட்டு ஓர்சேக்கு. 1900-இல் ரயில் நிலையமாகத் திறந்த கட்டடம், 1986-இல் அருங்காட்சியகமானது. நேராக ஐந்தாம் தளத்துக்குப் போங்கள். மோனே, ரெனுவார் எல்லாம் அங்கேதான். பழைய நிலையத்தின் பெரிய கடிகாரக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றால், இடம் வலம் மாறித் தெரியும் எண்களுக்கு நடுவே நதிக்கு அக்கரையில் ஊர் தெரியும். மூன்று மணி நேரத்தில் மனம் நிறைந்துவிடும். லூவ்ரில் மூன்று மணி நேரத்தில் கால்தான் வலிக்கும்.

இல்லை, மோனாலிசாவைப் பார்க்காமல் ஊருக்கு எப்படி போன் போடுவது என்கிறீர்களா? போங்கள். 77-க்கு 53 சென்டிமீட்டர் படம், கண்ணாடிக்குள். உங்களுக்கு முன்னால் நூறு கைபேசிகள். பார்த்த கையோடு அப்படியே திரும்புங்கள். எதிர்ச்சுவர் முழுக்க வெரோனேசே வரைந்த, பைபிளில் வரும் கானாவூர்க் கல்யாணம், கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். நெப்போலியன் படையினர் 1797-இல் வெனிஸ் மடத்து உணவுக்கூடத்திலிருந்து எடுத்து வந்தது. கல்யாண வீட்டுக் களேபரம் அத்தனையும் அதில் இருக்கிறது: பரிமாறுகிறவர், வாத்தியக்காரர், மேஜையடியில் நாய். அதற்கு முன்னால் கூட்டமே இருக்காது.

ஈஃபிள் கோபுரத்தில் ஏற வேண்டாம். ஏறினால், பாரிஸில் கோபுரம் தெரியாத ஒரே இடத்தில் நிற்பீர்கள். ட்ரோகாதெரோ மேட்டிலிருந்து பாருங்கள். இருட்டிய பின் மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் அது மினுமினுக்கும். ஆனால் ஜூனில் இருட்டவே பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் உங்கள் பஸ் விடுதிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நோத்ர தாம் 2019 தீவிபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்தது, உள்ளே போக காசு கிடையாது. வாசலில் யாராவது சீட்டு விற்றால் அது மோசடி. மொன்மார்த்ர் படிக்கட்டுப் பக்கம் கையில் நூல் கட்ட வருவார்கள். கட்டிவிட்டுத்தான் விலை சொல்வார்கள். கையை சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தால் கட்ட முடியாது.

மெட்ரோவில் ஆளுக்கொரு அட்டை வேண்டும். நவிகோ ஈசி என்ற பயண அட்டை ஒன்றை வைத்து இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது. வெளியே வரும்வரை அதைப் பத்திரமாக வையுங்கள், பரிசோதகர் பிடித்தால் அபராதம்தான். 48 பேரும் ஒரே இயந்திரத்தின் முன் நிற்காமல் ஆறு ஆறு பேராகப் பிரிந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு, கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் லாச்சப்பல். எண்பதுகளில் வந்த ஈழத்தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு. பெயர்ப்பலகை தமிழில், தோசையும் இடியப்பமும் கிடைக்கும், கொத்துரொட்டி தட்டும் சத்தம் தெருவுக்கே கேட்கும். மாரே பகுதியில் ரோசியே தெருவின் ஃபலாஃபெலும் சைவம்தான், ஆனால் யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் சனிக்கிழமை பல கடைகள் பூட்டியிருக்கும். அதை ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். தெருவில் பச்சை நிற வாலஸ் குழாய்கள் 1872 முதல் ஓடிக்கொண்டிருக்கின்றன, குடிக்கலாம். உணவகத்தில் "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். எதைக் கேட்பதற்கு முன்னாலும் ஒரு "போன்ஷூர்" (வணக்கம்) சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பதில் முறைப்பாகத்தான் வரும்.

கடவுச்சீட்டும் வசிப்பிட அட்டையும் அசலாக வேண்டும், கைபேசிப் படம் செல்லாது. திரும்பும் வழியில் எல்லையில் பஸ்ஸை நிறுத்திக் கேட்பதுண்டு. இரண்டையும் பெட்டியில் போட்டு பஸ்ஸின் வயிற்றுக்குள் தள்ளிவிடாதீர்கள். அருங்காட்சியக வாசலில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது அதனால்தான்.