புட்டிகளும் கடிதங்களும்

அன்புள்ள ஐயா,

டான் காமிலோ கதைகளை அண்மையில் வாசித்தேன். அவற்றை எழுதிய இத்தாலிய எழுத்தாளர் குவாரெஸ்கி, தம் ‘கான்டிடோ’ இதழில் ஆட்சியாளர்களைக் கேலி செய்ததற்காகச் சிறை சென்ற கருத்துரிமைத் தியாகி என்று அறிந்து நெகிழ்ந்தேன். அவரைப் போல இன்று ஏன் எவருமில்லை? அடுத்து அவருடைய எதை வாசிக்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் தீவிரக் கம்யூனிஸ்ட். பாதிரியார் டான் காமிலோவிடம் கம்யூனிஸ்ட் மேயர் பெப்போனே தோற்கும் பக்கங்களை எனக்கு உரக்கப் படித்துக் காட்டி, என்னைவிட அதிகமாகச் சிரித்தவன் அவன்தான். சென்ற வாரம் முழுக்க அவன் நினைவாகவே இருந்தேன். உங்கள் கடிதம் வந்தது. ஆனால் இரண்டு வரி படித்துவிட்டு ஒருவருக்குத் தியாகி மாலை சூட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

குவாரெஸ்கி ஜெர்மானியரின் போர்க்காலக் கைதி முகாம்களிலிருந்து திரும்பிய 1945ஆம் ஆண்டின் இறுதியில், அவரும் ஜொவான்னி மோஸ்காவும் மிலானில் தொடங்கிய வார இதழ் கான்டிடோ. குடியரசுத் தலைவர் எய்னாவ்டியின் தோட்டத்து மதுப் புட்டிகள் மெய்க்காவலர்களைப் போல இருபுறமும் அணிவகுத்து நிற்க, நடுவே அவர் நடந்து வருவதாக 1950இல் மன்ஸோனி வரைந்த சித்திரத்துக்காக ஆசிரியரான குவாரெஸ்கிக்குக் கிடைத்த 8 மாதத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. கேலியோடு நின்றிருந்தால் அவர் சிறை வாசலை மிதித்திருக்கவே மாட்டார்.

1954இல் அவரை உள்ளே அனுப்பியவை, அவர் சிரிக்காமல் வெளியிட்ட இரண்டு கடிதங்கள். போர்க்காலத்தில் ரோமின் புறநகரில் குண்டு வீசும்படி நேசநாட்டுப் படையினரைக் கேட்டு, பின்னர் பிரதமரான தெ காஸ்பெரி எழுதியவை என்று அவற்றை அச்சிட்டார். தெ காஸ்பெரி அவதூறு வழக்குத் தொடுத்தார். 12 மாதத் தண்டனை கிடைத்தது. கையெழுத்தை நிபுணர் ஆராய நீதிமன்றம் மறுத்தது பிழை என்றே நானும் கருதுகிறேன். இருந்தும், புட்டிகள் விறைப்பாக நின்று வணக்கம் வைக்காது என்பது சித்திரத்தைப் பார்க்கும் குழந்தைக்கும் தெரியும். அதற்குச் சான்று கேட்பவன்தான் மூடன். கடிதத்தை அச்சிடுபவரோ சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறார், அங்கே கோமாளித் தொப்பி எவரையும் காப்பதில்லை. இந்த வேறுபாட்டை நீங்கள் கவனிக்காததே என் கோபம்.

மேல்முறையீடு செய்ய அவர் மறுத்தார். பழைய 8 மாதமும் சேர்ந்துகொள்ள, பார்மா சிறையில் 409 நாட்கள் கிடந்தார். ஜெர்மானியருடன் ஒத்துழைக்க மறுத்து முகாமில் பட்டினி கிடந்த அதே பிடிவாதம்தான். அங்கே அதை வணங்குகிறேன், இங்கே அதைக் கண்டு வருந்துகிறேன்.

இன்று ஏன் எவருமில்லை என்பதற்கெல்லாம் பதில் எழுத எனக்குப் பொறுமையில்லை. அந்த முகாமில் அவர் எழுதிய குறிப்புகள் 1949இல் நூலாயின. அவற்றைத் தேடிப் படியுங்கள்.