தவணைப் பரீட்சையில் 28 புள்ளி: கணிதப் பிரிவை விட்டுவிடலாமா?

அம்மா, சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்த மகள், தரம் 12இன் இரண்டாம் தவணையில் இணைந்த கணிதத்துக்கு 28 புள்ளிதான் வாங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். எல்லை (limit) என்ற பாடம் தொடங்கியதிலிருந்து எதுவும் விளங்கவில்லை என்கிறாளாம். கலைப் பிரிவுக்கு மாற்றிவிடச் சொல்லி சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்கள். அந்த 28ஐ மட்டும் வைத்து மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

சாதாரண தரத்தில் நுண்கணிதமே (calculus) கிடையாது. நேர்கோட்டின் படித்திறனோடு, அதாவது அதன் சரிவோடு, அந்தப் பாடம் நின்றுவிடும். உயர்தரத்தில் வளைகோட்டின் படித்திறனைக் கேட்பார்கள். அதற்குத்தான் எல்லை, அதன்பின் வகையீடு (differentiation). வகையீட்டைத் திருப்பிச் செய்வதுதான் தொகையீடு (integration). ஏ எடுத்த பிள்ளைகளே இந்த இடத்தில் தடுமாறுவார்கள். அவர்களின் விடைத்தாளைப் பார்த்தால் பெரும்பாலும் நுண்கணிதத்தில் பிழை இருக்காது. பின்னத்தைச் சுருக்கும்போது ஒரு குறி மாறியிருக்கும், காரணிப்படுத்தத் தெரிந்திருக்காது, திரிகோணகணிதச் சூத்திரம் மறந்திருக்கும். தொகையீட்டில் பாதி வேலை பகுதிப் பின்னமும் திரிகோணகணிதமும்தான். ஆகவே மகளின் விடைத்தாளை எடுத்து, எந்த வரியில் பிழைத்தது என்று ஒவ்வொரு கணக்காகக் குறிக்கச் சொல்லுங்கள். பிழை அட்சரகணிதத்தில் என்றால், அதைச் சில வாரங்களில் சரிசெய்யலாம்.

இந்த வகுப்பு பிள்ளையிடம் எதிர்பார்ப்பது மூளையை விடப் பழக்கத்தைத்தான். சேர் கரும்பலகையில் ஒரு கணக்கைச் செய்யும்போது எல்லாம் விளங்கியது போலவே இருக்கும். வீட்டுக்கு வந்து கொப்பியை மூடிவிட்டு அதே கணக்கை வெற்றுத்தாளில் செய்தால்தான் உண்மை தெரியும். இதைக் கவனிக்க நீங்கள் கணிதம் படித்திருக்கத் தேவையில்லை, அம்மா. கொப்பி மூடியிருக்கிறதா, கை எழுதுகிறதா, அவ்வளவுதான். அழகான எழுத்தில் நிறைந்திருக்கும் கொப்பியைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். பார்த்து எழுதியது வேறு, தானாகச் செய்தது வேறு. தினமும் ஒன்றரை மணித்தியாலம் இப்படிச் செய்தால் போதும். சனி, ஞாயிறில் மொத்தமாக உட்கார்ந்து இதை ஈடுகட்ட முடியாது.

விடையை மட்டும் எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும். பரீட்சையில் படிப்படியாகத்தான் புள்ளி போடுவார்கள். கடைசி விடை பிழைத்தாலும் வழி சரியென்றால் கணிசமான புள்ளி கிடைக்கும். வழியே எழுதாமல் விடை மட்டும் இருந்தால் கிடைப்பது மிகக் குறைவு. வினாத்தாள் இரண்டு, ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம். பகுதி அ-வில் 10 வினாவும் கட்டாயம், தலா 25 புள்ளி. பகுதி ஆ-வில் 7 வினாவில் 5 எழுத வேண்டும், தலா 150 புள்ளி. முதல் வினாத்தாளின் பகுதி ஆ-வில் வழக்கமாக வகையீட்டில் ஒரு பெரிய வினாவும் தொகையீட்டில் ஒன்றும் வரும். திரும்பற் புள்ளி, அணுகுகோடு எல்லாம் காட்டி வரைபு வரையும் அந்த வகையீட்டு வினாவைத் திரும்பத் திரும்பச் செய்த பிள்ளை அதை நம்பித் தெரிவுசெய்யலாம்.

டியூசனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாடசாலையில் இந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால் டியூசன் வேண்டும்தான். மலையகத்தில் அந்த நிலைமை எனக்குத் தெரியும். உங்கள் மகளுக்கு சேர் இருக்கிறார். அப்படியிருக்க ஹட்டனுக்கு ஒரு வகுப்பு, கண்டிக்கு ஒரு வகுப்பு என்று பஸ்ஸிலும் மழையிலும் அலைந்தால், கணக்குச் செய்ய நேரம் எங்கே? அங்கே கொடுக்கும் பயிற்சித் தாளெல்லாம் (டியூட்) செய்யாமலே அடுக்கியிருக்கும். சம்பளக் காசையும் யோசியுங்கள். ஒரு வகுப்பு போதும். கடந்தகால வினாத்தாள்களையும், தேசிய கல்வி நிறுவகம் தமிழில் வெளியிடும் வளநூல்களையும் இணையத்தில் காசில்லாமல் எடுக்கலாம்.

லயத்து அறையில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் படிப்பது கஷ்டம். முடிந்தால் விடிகாலையில் ஒரு மணித்தியாலம் அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். தண்ணீர் எடுக்கவோ தம்பியைப் பார்க்கவோ அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள். அப்புறம், 28ஐ அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட்டுப் பேசவே கூடாது. விளங்காததை விளங்கவில்லை என்று சேரிடம் கேட்கும் தைரியம் அவளுக்கு இப்போது ரொம்பத் தேவை. வெட்கப்பட்டால் அது வராது.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பங்கு மாவட்ட அடிப்படையில் கொடுக்கப்படுவதால், நுவரெலியா மாவட்டப் பிள்ளை கொழும்புப் பிள்ளையோடு அல்ல, பெரும்பாலும் தன் மாவட்டப் பிள்ளைகளோடுதான் போட்டி போடுகிறது. இதை அவளுக்கும் சொல்லுங்கள். பொறியியல் பீடத்துக்குப் போக இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும்.

சரி, எப்போது மாறலாம்? ஆறு வாரம் நான் சொன்னபடி உண்மையாகச் செய்து பார்க்கட்டும். அதன்பிறகும் மூடிய கொப்பியோடு எளிய வகையீட்டுக் கணக்கைத் தொடக்கூட முடியவில்லை, அவளுக்கும் இந்தப் பாடத்தில் விருப்பமே இல்லை என்றால் மாறட்டும். ஆனால் தரம் 13 வரை இழுக்காதீர்கள். கலைப் பிரிவைத் தவிர தொழினுட்பப் பிரிவும் இருக்கிறது, அருகில் எந்தப் பாடசாலையில் அது உண்டு என்று அதிபரிடம் விசாரியுங்கள். முடிவெடுக்கும் நாளில் மகளும் பக்கத்தில் இருக்க வேண்டும், சொந்தக்காரர்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.