பதிவேட்டில் இல்லாதவர்கள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒன்பது வருடமாக ஒரு சிறு அமைப்பு நடத்துகிறோம். தையல் பயிற்சி கொடுத்து, முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு மெஷின் வாங்கித் தருவோம். கூடவே ஒரு சேமிப்புக் குழுவும் உண்டு. ‘இதுவரை 400 பேருக்கு மேல் பயனடைந்துள்ளனர்’ என்று ஆண்டறிக்கையில் போடுவோம் (பாதியில் நின்றவர்கள் இதில் சேர்த்தி இல்லை). இந்த வருடம் புதிதாக உதவ முன்வந்த ஒருவர், “சரி, இதனால் எத்தனை பேருடைய வறுமை குறைந்தது?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. எங்களில் மூத்தவர், “சேவைக்கு மார்க் போடச் சொல்கிறாரா?” என்று கோபித்துக்கொண்டார். எனக்கும் மனிதர்களை எண்ணாக்குவது சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. இதையெல்லாம் எப்படி மதிப்பிடுவது? மதிப்பிடத்தான் வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள தோழி,

உங்கள் மூத்தவரின் கோபம் புரிகிறது. ஒன்பது வருடம் கைக்காசு போட்டு அலைந்தவரிடம் நேற்று வந்த ஒருவர் கணக்குக் கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் மனிதர்களை எண்ணாக்கும் வேலையைத் தொடங்கியது அந்தப் புதியவர் இல்லையே. ‘400 பேர்’ என்று அச்சிட்டது நீங்கள்தான். அது நீங்கள் கொடுத்ததன் கணக்கு. கொடுத்தபிறகு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கிறார்.

பல வருடங்களுக்கு முன் உங்களுடையதைப் போன்ற ஓர் அமைப்போடு, பயிற்சி முடித்த பெண்களின் வீடுகளைப் பார்க்கப் போனேன். ஒரு வீட்டில் மெஷின் மூலையில் இருந்தது. பழைய துணி போட்டு மூடி, அதன்மேல் பள்ளிக்கூடப் புத்தகங்கள், இரண்டு மருந்து பாட்டில்கள், ஒரு கடிகாரம். “எப்படிப் போகுதும்மா?” என்று கேட்டதும், “நல்லா போகுதுங்க” என்றார் அந்தப் பெண். உடன் வந்தவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் போன் பேச வெளியே போன நேரத்தில் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: “இதை வித்துட்டா திருப்பிக் கேப்பாங்களா சார்?”

அந்த வருட அறிக்கையில் அவரும் பயனடைந்தவர்தான். அவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். கொடுத்தவர் எதிரே நிற்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்?

“இல்லை, எங்கள் ஆட்கள் மனதார நன்றி சொல்கிறார்கள்” என்பீர்கள். சொல்லட்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் நகரங்களில் 1939-இல் ஒரு திட்டம் தொடங்கியது. வசதியில்லாத பகுதிகளில் வளர்ந்த 506 சிறுவர்கள் வழிதவறிப் போகாமல் பார்த்துக்கொள்வது நோக்கம். அவர்களை ஒத்த சோடிகளாகப் பிரித்து, சோடிக்கு ஒருவருக்கு மட்டும் சராசரியாக ஐந்து வருடம் உதவினார்கள். வீட்டுக்கு வந்து பேசும் ஆலோசகர், பாடத்தில் உதவி, மருத்துவம், கோடைமுகாம், எல்லாம் உண்டு. முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அது தங்களுக்கு நன்மை செய்ததாகவே சொன்னார்கள். சிலர் தங்கள் ஆலோசகரைப் பாசத்தோடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் 1978-இல் வெளிவந்த முடிவுகளில், மறுபடி குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், சீக்கிரம் இறந்தவர்கள் ஆகிய கணக்குகளில் உதவி பெற்றவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. ஏன் அப்படி என்று இன்னும் வாதம் நடக்கிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, உதவி பெறாத அந்த 253 பேரையும் யாரோ பட்டியலில் வைத்திருந்தார்கள் என்பதுதான். இல்லாவிட்டால் இது வெற்றிக்கதை என்றே முடிந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. குடும்பம் ரொம்பவும் நொடித்துப்போன சமயத்தில்தான் ஒருவர் உங்கள் வாசலுக்கு வருகிறார். கணவருக்கு வேலை போயிருக்கும், வீட்டில் யாராவது படுத்திருப்பார்கள். ஒரு வருடத்தில் உடம்பு தேறும், வேறு வேலை கிடைக்கும். நீங்கள் இல்லாவிட்டாலும் அவர் கொஞ்சம் எழுந்திருப்பார். ‘முன்பு, பின்பு’ என்று மட்டும் பார்த்தால் அந்தத் தேறுதலும் உங்கள் வரவில் சேர்ந்துவிடும்.

மெக்சிகோ 1997-இல் ‘புரோகிரேசா’ திட்டத்தைத் தொடங்கியபோது இதை யோசித்துத்தான் செய்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மருத்துவப் பரிசோதனைக்கும் வந்தால் அம்மாவின் கையில் பணம். ஆய்வுக்கென்று எடுத்த 506 கிராமங்களில் (இங்கேயும் அதே எண், தற்செயல்தான்) 320-க்கு முதலில் கொடுத்தார்கள். மீதி 186-க்குப் பிறகு. எந்தக் கிராமம் முதலில் என்பதைக் குலுக்கல்போல முடிவு செய்தார்கள். அதனால்தான் பிள்ளைகள் பள்ளியில் தங்கியதற்குத் திட்டமே காரணம் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது.

உங்களால் 506 கிராமங்களுக்குப் போக முடியாது. தேவையும் இல்லை. ஆனால் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வருகிற வருடங்கள் உங்களுக்கும் இருக்குமே? அப்போது தெரிந்தவர், சிபாரிசு என்று பார்க்காமல் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். கிடைக்காதவர்களுக்கு அடுத்த அணியில் இடம் உறுதி என்று சொல்லிவிடுங்கள். அந்த இடைவெளியில் இரு தரப்பிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். வருமானம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். தினக்கூலிக்காரருக்கு அது அவருக்கே தெரியாது, தெரிந்தாலும் உங்களிடம் சொல்லமாட்டார். கடைசியாக எப்போது கடன் வாங்கினீர்கள், என்ன வட்டிக்கு, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக எத்தனை நாள் ஆயிற்று, பிள்ளை பள்ளிக்குப் போகாத நாட்கள் எத்தனை. இப்படிக் கேளுங்கள். கேட்பவர் உங்கள் ஆறு பேரில் ஒருவராக இருக்கக் கூடாது.

சேமிப்புக் குழு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் சேர்கிற பணத்தைக் கடனாகவும் கொடுக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கும் பொருந்தும். சிறுகடன் வறுமையை ஒழித்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினோம். அதற்காக 2006-இல் அமைதிக்கான நோபலே கொடுத்தார்கள். அப்புறம் போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என்று ஆறு நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் 2015-இல் ஒன்றாக வெளிவந்தன. கடன் கையில் இருப்பதால் மக்களுக்குக் கொஞ்சம் சௌகரியம் கிடைத்தது, சிலர் தொழிலைப் பெருக்கினார்கள். சராசரிக் குடும்ப வருமானத்தில் பெரிய மாற்றம் இல்லை. அதே வருடம் இன்னோர் ஆறு நாட்டு ஆய்வு, பரம ஏழைகளுக்கு ஒரு சொத்து, சில மாதச் செலவுக்குப் பணம், பயிற்சி, இரண்டு வருடம்வரை வீடு தேடி வந்து பார்க்கும் ஒருவர் என எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் பின்னாலும் நிற்கிறது என்று காட்டியது. அதில் ஹோண்டுராஸில் மட்டும் சறுக்கல். அங்கே பலர் வாங்கிய கோழிகளில் நிறைய நோயில் போய்விட்டன. மெஷினை மட்டும் கொடுத்துவிட்டு நீங்கள் திரும்பிப் பார்க்காதவர் என்றால், இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போன அந்த வரிக்கு வருகிறேன். ‘பாதியில் நின்றவர்கள் சேர்த்தி இல்லை.’ ஏன் இல்லை? பயிற்சியைக் கடைசிவரை முடிக்க முடிந்தவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பவர். மூன்று மாதம் கூலி இல்லாமல் தாக்குப்பிடிக்கக் கூடியவர். நின்றுபோனவருக்கு அந்த இரண்டும் இல்லாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் இருப்பவர்களிலேயே ஏழையை வடிகட்டி வெளியே அனுப்பிவிட்டு மிச்சத்தை எண்ணியிருக்கிறீர்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வகுப்பு நேரமே செய்துவிடும்.

யார் ஏழை என்பதிலும் அங்குள்ளவர்களைக் கேளுங்கள். இந்தோனேசியாவில் 640 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். சில இடங்களில் வீடு, உடைமைகளைப் பார்த்துச் சூத்திரப்படி ஏழைகளைப் பட்டியலிட்டார்கள். சில இடங்களில் ஊர்க்கூட்டமே வரிசைப்படுத்தியது. குடும்பங்கள் எவ்வளவு செலவழிக்கின்றன என்ற கணக்கை வைத்துப் பார்த்தால் ஏழைகளைக் கண்டுபிடிப்பதில் சூத்திரம் சற்று மேல். ஆனால் மக்களுக்குத் திருப்தி தந்தது கூட்டம் போட்ட பட்டியல்தான். காரணம், வறுமை என்றால் என்ன என்பதில் அவர்களுக்கு வேறு கணக்கு இருந்தது. கைகொடுக்க ஆளில்லாத விதவை அவர்கள் பட்டியலில் முன்னால் வந்துவிடுவார். இதில் ஒரு சுவாரசியம்: கூட்டம் நீள நீளத் தவறுகள் கூடின. அலுப்புதான். கூட்டத்தைச் சுருக்கமாக வையுங்கள்.

புதியவரிடம் என்ன சொல்வது? ‘வறுமை குறைந்ததா என்று ஆறு பேரால் நிரூபிக்க முடியாது. எத்தனை மெஷின் இன்று ஓடுகிறது, எத்தனை விற்றுப்போனது, எத்தனை பேர் ஏன் நின்றார்கள் என்று ஆறு மாதத்தில் சொல்கிறோம்’ என்று சொல்லுங்கள். அதற்கு மேல் பெரிய ஆய்வு வேண்டுமென்றால் செலவு அவருடையது. மெஷின் வாங்கும் பணத்தை எடுத்துச் சர்வே நடத்தாதீர்கள்.

பாதியில் நின்றவர்களின் பெயர்கள் பழைய வருகைப் பதிவேட்டில் இருக்கும், மேலே கோடு போட்டு அடித்திருந்தாலும் படிக்க முடியும். அங்கிருந்து ஆரம்பியுங்கள். முடிந்தால் மூத்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் வீட்டுக்குள் பேசும்போது அவர் வாசலில் நிற்கட்டும்.