பழைய வலையமைப்பு அட்டையின் இயக்கியை எப்போது நீக்கலாம்?

கேள்வி: ஒட்டுசுட்டானில் ஒரு சிறிய பயிற்சி நிலையத்தின் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். எல்லாம் அன்பளிப்பாக வந்தவை. ஆறு கணினிகளில் ரியல்டெக் 8139 வலையமைப்பு அட்டையும், ஒரு பழைய பணிநிலையக் கணினியில் திரீகொம் அட்டையும் உள்ளன. பழைய அட்டைகளுக்கான இயக்கிகளை (அட்டையைக் கணினி கையாள உதவும் நிரல்களை) லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலிலிருந்து நீக்கி வருகிறார்கள் என அறிந்தேன். பாவனையில் இருக்கும் ஒன்றை எந்த அடிப்படையில் நீக்குகிறார்கள்? நான் புதிய பதிப்புக்கு மாறலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: அட்டையின் வயது அவ்வளவு முக்கியமன்று, அந்த அட்டையைக் கையில் வைத்துப் பரிசோதிக்க ஒருவர் இருக்கிறாரா என்பதே முதற் கேள்வி. கேர்னலின் உட்புற இடைமுகங்கள், அதாவது அதன் பகுதிகள் ஒன்றையொன்று அழைக்கும் முறைகள், நிலையானவை அல்ல. அவற்றுள் ஒன்று மாறினால், அதைப் பயன்படுத்தும் எல்லா இயக்கிகளையும் கூடவே திருத்த வேண்டும். 2017இல் டைமர் (குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தொடக்கும் வசதி) இடைமுகத்தை மாற்றியபோது, கேர்னல் முழுவதும் பரந்து கிடந்த பல நூறு இடங்களைத் திருத்த நேர்ந்தது. அப்படித் திருத்துபவரிடம் இருபது வருடத்துக்கு முந்திய அட்டை இருக்கப்போவதில்லை. நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டால் (இயங்கும் வடிவுக்கு மாறினால்) போதும் என்று விட்டுவிடுவார். இவ்வாறு ஒரு இயக்கி பெயரளவில் இருந்துகொண்டே உண்மையில் வேலை செய்யாமற் போகலாம். அந்தப் பழுதை ஆண்டுக்கணக்கில் ஒருவரும் முறையிடவில்லை என்பது தெரியவரும்போது, நீக்குவதற்கு அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை என்பதே பராமரிப்பாளர்களின் எண்ணம். பாதுகாப்புச் சிக்கலும் உண்டு: எவரும் கவனிக்காத நிரலில் உள்ள ஓட்டையையும் எவரும் கவனிப்பதில்லை.

சில வேளைகளில் கேள்விக்கே இடமிருப்பதில்லை. 2012இல் வெளியான 3.5 பதிப்பில் டோக்கன் ரிங் என்ற பழைய வலையமைப்பு முறைக்கான ஆதரவும், ஐபிஎம்மின் மைக்ரோ சனல் பஸ் (கணினியில் அட்டைகளைச் செருகும் இணைப்பு முறை) ஆதரவும் ஒன்றாக வெளியேறின. பஸ் போனால் அதில் செருகும் அட்டையின் இயக்கியும் போகத்தான் வேண்டும்.

ஆனால் முறைப்பாடு இல்லாததைப் பாவனையாளர் இல்லை என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. உங்களைப் போன்றவர்கள் பல வருடங்களுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளையே பயன்படுத்துகிறீர்கள். இன்று நிகழும் நீக்கம் உங்கள் மேசைக்கு வந்துசேர மூன்று, நான்கு வருடங்கள் ஆகலாம். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்கு வராதவருக்கும் வயல் இருக்கிறதல்லவா? அதனால் ஃபிரீபிஎஸ்டி என்ற மற்றொரு இயங்குதளத்தின் குழு கையாண்ட முறை எனக்கு நியாயமாகப் படுகிறது. 2018இல் பழைய 10, 100 மெகாபிட் அட்டைகளின் பட்டியலை முன்வைத்து, பாவனையிலுள்ளவை எவை என்று கேட்டார்கள். 12ஆம் பதிப்பில் எச்சரிக்கை காட்டினார்கள். 2021இல் வந்த 13ஆம் பதிப்பிலேயே நீக்கினார்கள். பலர் பயன்படுத்துவதாகத் தெரிந்த 8139 போன்றவை தப்பின. எச்சரிக்கை தாங்கிய ஒரு பதிப்பு முழுவதுமாகப் புழக்கத்திற்கு வந்த பின்னரே நீக்குவது என்பதுதான் சரியான கால அளவு என்பேன்.

உங்கள் ஆறு கணினிகளின் அட்டைகள் பற்றிக் கவலை வேண்டாம். மெய்நிகர் கணினி மென்பொருளான கியூஇஎம்யூ, 8139 அட்டையை மென்பொருளாலேயே போலச் செய்து காட்டுகிறது. ஆகவே உண்மையான அட்டை ஒன்றும் இல்லாதவர்கூட அந்த இயக்கியைப் பரிசோதிக்க முடிகிறது. உங்களுக்கு முதலில் வரக்கூடிய தடை வேறு: கணினிகள் 32 பிட் செயலி கொண்டவையாயின், லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியனின், 2025இல் வெளியான 13ஆம் பதிப்பை அவற்றில் புதிதாக நிறுவ முடியாது. 2023இல் வந்த டெபியன் 12தான் அவற்றில் நிறுவக்கூடிய கடைசி டெபியன் பதிப்பு.

திரீகொம் அட்டை உள்ள கணினியில், மாறுவதற்கு முன்பு, புதிய பதிப்பை யூஎஸ்பி குச்சியிலிருந்து நிறுவாமலே இயக்கி, வலையமைப்பு இணைகிறதா என்று பாருங்கள். இணையாவிட்டால், எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை காட்டும் அட்டை விபரத்தையும், வேலை செய்த பழைய கேர்னல், வேலை செய்யாத புதிய கேர்னல் ஆகிய இரண்டின் பதிப்பு எண்களையும் குறித்து, கேர்னலின் பராமரிப்பாளர் பட்டியலில் அந்த இயக்கிக்குப் பொறுப்பாக உள்ளவருக்கு எழுதுங்கள். அங்கே 'அநாதை' (பொறுப்பாளர் இல்லை) என்று குறிக்கப்பட்டிருந்தால், வலையமைப்புப் பிரிவின் பொதுப் பராமரிப்பாளர்களுக்கு எழுதலாம். இயக்கி நீக்கப்பட்டிருந்தாலும், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) வரலாற்றில் பழைய நிரல் அப்படியே இருக்கிறது. மீளச் சேர்ப்பதற்கு, பரிசோதித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால், ஒரு ஜிகாபிட் அட்டையை வாங்கிப் பொருத்திவிடுங்கள்.